எட்டாவது திசை

நிதானம் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள். துப்பறிவது அவர் தொழில். ஊசியில் நூல் கோக்க மட்டும் அவருக்குக் கண்ணாடி வேண்டும். மற்றதையெல்லாம் கண்ணாடி இல்லாமலே பார்த்துவிடுவார்.

கீழே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அவருடைய மைத்துனர், கூட்டம் இல்லாத நேரங்களில் மாடிக்கு வந்து உட்காருவார். ஸ்டூடியோவில் என்றைக்குக் கூட்டம் இருந்தது? ஆகவே அன்றும் உட்கார்ந்திருந்தார். முழங்கால்வரை சேறு படிந்த ரப்பர் பூட்ஸோடு ஒரு பெண் படியேறி வந்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அத்தான், நான் சொல்றேன். அம்மா கால்வாய் காண்ட்ராக்ட் எடுத்திருக்காங்க. கூலியாள் ஏமாத்திட்டான். சரியா?"

"இல்லைங்க," என்றாள் அந்தப் பெண்.

நிதானம் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். "உக்காருங்க டாக்டர். மாப்ளே, முதல்ல தண்ணி கொண்டா."

அவள் திகைத்துப் பார்த்தாள்.

"தலையில பழைய பஞ்சு ஒட்டியிருக்கு. மூடிக் கிடக்குற நூல் மில்லைத் தவிர இந்த ஊர்ல வேற எங்கயும் பஞ்சு பறக்காது. அங்க இப்போ சிறுத்தை இருக்கு. அதுக்குப் பக்கத்துல போறவங்க காட்டிலாகா ஆளுங்க மட்டும்தான். அதுல சட்டைப்பையில மருந்துப் புட்டி வச்சிருக்கறவங்க மிருக டாக்டர்தானே?"

மைத்துனர் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி எடுக்கப் போனார்.

டாக்டரம்மா ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு சொன்னாள்.

"என் தம்பி அங்க வனக்காவலர். சிறுத்தையை வேணும்னே தப்பவிட்டான்னு ரேஞ்சர் சொல்றாரு. நாளைக்குக் காலையில துப்பாக்கிக்காரங்க வர்றாங்க. வந்தா அதைச் சுட்டுருவாங்க. அதோட இவன் வேலையும் போயிடும். வேலை போறது கூடப் பரவாயில்லைங்க. 'நீயே அதைக் கொன்னுட்டடா'ன்னு ரேஞ்சர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. அதைக் கேட்டதுல இருந்து அவன் சாப்பிடல."

"எப்படித் தப்பிச்சுது?"

"அதாங்க புரியல. எட்டுப் பேர் எட்டுப் பக்கமும் நின்னு சுத்தி வளைப்போம். ரேஞ்சர் தண்ணித்தொட்டி மேல நின்னு வாக்கி டாக்கியில நடத்துவாரு. அவரு சொன்னா ஒரு அடி முன்னால, சொன்னா நிப்பாங்க. ஒவ்வொருத்தரும் 'ரெடி'ன்னு பதில் சொன்னப்புறம்தான் அடுத்த அடி. வளையம் சுருங்கினதும் நான் மயக்க ஊசி போடணும். மூணு தடவை வளைச்சோம். மூணு தடவையும் அது என் தம்பி நின்ன பக்கமாவே வெளிய போயிடுச்சு."

"ஒரே இடமா?"

"அதுதான் இல்ல! முதல் தடவை வடக்கு வாசல். ரெண்டாவது தடவை ரேஞ்சரே ஆளை மாத்தி நிறுத்தினாரு, இவன் கிடங்குப் பக்கம். அது கிடங்குப் பக்கமாப் போச்சு. நேத்து சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. இவனுக்குச் சாக்கடை ஓரம் வந்துச்சு. அது சாக்கடை ஓரமாவே போச்சு. என் தம்பி பொய் சொல்ல மாட்டான்னு நான் சொன்னா, அது அக்கா சொல்றது. யாரும் எடுத்துக்க மாட்டாங்க. நீங்க வந்து பாருங்க."

நிதானம் சட்டையை மாட்டி, தைத்த பொத்தானையும் சேர்த்து எல்லாப் பொத்தானையும் போட்டார். பிறகு செருப்பைத் தேடினார்.

மில் காம்பவுண்டு ஒரு சின்ன ஊர் அளவுக்கு இருந்தது. நடுவில் நீளமான நூற்புக் கொட்டகை, பின்னால் புகைபோக்கி, பக்கத்தில் தண்ணீர்த்தொட்டி. ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் முட்புதர்க்காடு. எதிர்ப்பக்கச் சுவருக்கு அப்பால் தொழிலாளர் குடியிருப்பு. அங்கே எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. ஒரு ஜன்னலின் கண்ணாடியில் மட்டும் குழந்தைகளின் மூக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

ரேஞ்சர் பெரிய குரல்காரர். கெட்டவர் இல்லை. அந்த மூக்குகளை நினைத்து நினைத்தே சில நாட்களாகத் தூக்கத்தைத் தொலைத்தவர் என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"துப்பறிய என்னங்க இருக்கு இதுல? போன வருஷம் ஒரு சிறுத்தையைச் சுட்டப்போ இந்தப் பையன் சின்னக் குழந்தை மாதிரி அழுதான். இப்போ வழி விடறான். மனசு எனக்கும் இருக்கு. ஆனா அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைங்க இருக்காங்களே!"

"நியாயம்தான். உங்க ஆளுங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்க," என்றார் நிதானம்.

ரேஞ்சர் வாக்கி டாக்கியை எடுத்து, "எல்லாரும் முற்றத்துக்கு வாங்க!" என்றார். வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களின் இடுப்புகளெல்லாம் ஒரே குரலில், "எல்லாரும் முற்றத்துக்கு வாங்க!" என்று கத்தின. மைத்துனர் திடுக்கிட்டு நிதானத்தின் தோளைப் பிடித்துக்கொண்டார். எல்லோருக்கும் பின்னால், தூணில் சாய்ந்து நின்ற ஒல்லியான ஒருவன் மட்டும் சத்தமில்லாமல் நிமிர்ந்து நடந்து வந்தான். அவன் காதிலிருந்து ஒரு கறுப்பு வயர் காலருக்குள் இறங்கியிருந்தது. டாக்டரம்மாவின் மூக்கு அப்படியே அவனுக்கும் இருந்தது.

"அது என்ன தம்பி, காதுல?"

"ஸ்பீக்கர் போயிடுச்சு சார். மழையில நனைஞ்சு. ஸ்டோர்ல புதுசு வர்றவரைக்கும் இதை மாட்டிக்கச் சொன்னாங்க. சின்ன மைக்கும் இதுலயே இருக்கு, முணுமுணுத்தாலே போதும்."

"நேத்து நீங்க நின்ன இடத்தைக் காட்டுங்க."

சாக்கடை ஓரம் சேறு அப்படியே பதிந்து காய்ந்திருந்தது. மைத்துனர் குனிந்து, நிமிர்ந்து, போட்டோ எடுத்து, மூன்று தடவை தலையாட்டினார். "அத்தான், முடிஞ்சு போச்சு. இவரு பயந்து விலகியிருக்காரு. உயிர் யாருக்குத்தான் வெல்லம் இல்ல? மன்னிச்சு விட்டுடலாம்."

"பூட்ஸ் தடத்தைப் பாரு மாப்ளே. பயந்து விலகினவன் கால் எப்படி இருக்கும்?"

மைத்துனர் பார்த்தார். இரண்டு தடங்கள், பக்கத்தில் பக்கத்தில், ஆழமாக, அச்சு வார்த்ததுபோல். பின்வாங்கிய அடையாளம் ஒன்றுகூட இல்லை.

"அப்போ சோறு போட்டுப் பழக்கியிருக்காரு. வாசனை தெரிஞ்சு தேடி வருது!"

"சிறுத்தையோட தடத்தையும் பாரு."

கொட்டகையிலிருந்து வந்த காலடிகள் சேற்றில் நேர்கோடாக இருந்தன. அவசரமே இல்லாத நடை. அப்படியே பூட்ஸ் தடங்களை நோக்கி வந்து, கை நீட்டினால் தொடும் தூரத்தில் சட்டென்று குழம்பியிருந்தன. நகம் ஊன்றிச் சேறு சிதறியிருந்தது. அதற்கப்புறம் ஒரே பாய்ச்சல், சுவரோரம் வரை தடமே இல்லை.

"தெரிஞ்சவனைத் தேடி வந்திருந்தா எதுக்கு இப்படித் திடுக்கிடணும்?" என்று கேட்டார் நிதானம். "தம்பி, உங்களைப் பாத்ததும் அது என்ன பண்ணுச்சு?"

தம்பி சாக்கடையோர மரத்தைக் கைகாட்டினான். "நான் அந்த முருங்கை மரத்து நிழலுக்குள்ள அசையாம நின்னேன் சார். அது தலையைத் திருப்பித் திருப்பிப் பின்னாடியே கவனம் வச்சுக்கிட்டு வந்துச்சு. கிட்ட வந்துதான் என்னைப் பாத்துச்சு. இருட்டுல நாற்காலியில இடிச்சுக்கிட்டா நாம முழிப்போமே, அந்த மாதிரி முழிச்சுச்சு. அதோட மூச்சு என் கைமேல பட்டுச்சு. நான் இதைச் சொன்னா யாரும் நம்பலை."

"நான் நம்பறேன்," என்றார் நிதானம். ரேஞ்சர் பக்கம் திரும்பினார். "சிறுத்தை இப்போ எங்க?"

"முட்புதருக்குள்ள படுத்திருக்கு. அங்க மரத்து மேல ஒரு ஆள் பாத்துக்கிட்டிருக்கான். வெயில் சாயும்போது கொட்டகைக்குத் திரும்பிடும், தினமும் அப்படித்தான்."

"அப்போ நமக்கு நேரம் இருக்கு. நீங்க நேத்து செஞ்ச மாதிரியே இன்னொரு தடவை வளைங்க. இடத்தை மட்டும் மாத்திக்கோங்க, யாரு எங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம். சிறுத்தைக்குப் பதிலா நான் கொட்டகைக்கு நடுவுல உக்காந்துக்கறேன்."

"நீங்களா?"

"மாப்ளே, உன் கேமரா மேல போர்த்துற கறுப்புத் துணி இருக்கா? எடு. என் கண்ணைக் கட்டு."

ரேஞ்சர் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறினார், முகத்தில் கேலியோடு. ஆட்கள் சுவரோரங்களில் மறைந்தார்கள். கொட்டகையின் நடுவே, துருப்பிடித்த இயந்திரங்களுக்கு இடையே, கண்ணைக் கட்டிக்கொண்டு நிதானம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மைத்துனருக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

வாக்கி டாக்கிகள் பேசத் தொடங்கின. "ஒரு அடி முன்னால!" "ரெடி!" "ரெடி!" வளையம் சுருங்கச் சுருங்க, பார்த்துக்கொண்டிருந்த மைத்துனரின் சிரிப்பு அடங்கியது. நிதானத்தின் தலை மெல்லத் திரும்பியது. வலப்பக்கம், இடப்பக்கம், பின்பக்கம். பிறகு எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாலையில் உலாத்தப் போகிறவரைப் போல நடந்தார். ஓட்டைக் கதவு வழியாக வெளியே வந்தார், முற்றத்தில் வளைந்தார், செங்கல் குவியலைக் காலால் தடவிச் சுற்றினார், நேராகப் போனார். போய், ஒரு மனிதனின் மார்பில் மோதி நின்றார்.

துணியை அவிழ்த்தபோது எதிரே தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"மன்னிக்கணும் தம்பி. இங்க யாரும் இல்லைன்னு நெனச்சேன்," என்றார் நிதானம்.

ரேஞ்சர் தொட்டியின் இரும்பு ஏணியில் பாதி இறங்கி, அங்கேயே நின்றுவிட்டார்.

எல்லோரையும் வராந்தாவில் உட்கார வைத்தார் நிதானம். தான் மட்டும் நின்றபடி பேசினார்.

"மூணு தடவையும் இவரு நின்ன பக்கமாப் போச்சுன்னு எல்லாரும் பாத்தீங்க. அதனால இவரைத் தேடிப் போச்சுன்னு முடிவு கட்டினீங்க. தடம் வேற கதை சொல்லுது. அது இவரைத் தேடி வரல. ஆளே இல்லாத பக்கத்தைத் தேடி வந்துச்சு. வந்து பாத்தா இவரு நிக்கறாரு. திடுக்கிட்டுத் தாண்டிப் போச்சு."

"ஆளு இல்லாத பக்கம்னு அதுக்கு எப்படித் தோணுச்சு? இவன்தான் நிக்கறானே!" என்றார் ரேஞ்சர்.

"நீங்க தொட்டி மேல இருந்து 'ஒரு அடி முன்னால'ன்னு சொன்னா, அந்தக் குரல் எங்க இருந்து கேக்கும்?"

"வாக்கி டாக்கியில இருந்து."

"ஏழு வாக்கி டாக்கியில இருந்து. ஏழு இடுப்புல இருந்து. நீங்க ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும், அவங்க ஏழு பேரும் எங்க நிக்கறாங்கன்னு அந்தச் சிறுத்தைக்கு விளக்குப் போட்டுக் காட்டறீங்க. இந்தத் தம்பி 'ரெடி'ன்னு முணுமுணுத்தா, அந்தக் குரலும் ஏழு திசையில கேக்குது. அவர் நிக்கிற எட்டாவது திசையில மட்டும் கேக்கலை. கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்த எனக்கே, என் சாதாரணக் காதுக்கே, வளையத்துல ஒரு ஓட்டை தெரிஞ்சுது. அதுக்கு இருக்கிற காதுக்கு? கதவைத் திறந்து வச்ச மாதிரி இருந்திருக்கும்."

டாக்டரம்மா கையால் வாயை மூடிக்கொண்டாள். எத்தனையோ மிருகங்களின் காதுகளைச் சோதித்துப் பார்த்தவள் அவள். "எனக்குத் தோணவே இல்லையே," என்றாள் மெதுவாக.

"நாம அதைச் சுத்தி வளைக்கறோம்னு நெனச்சுக்கிட்டிருந்தோம்," என்றார் நிதானம். "அது நடுவுல படுத்துக்கிட்டு நம்ம எல்லாரையும் எண்ணிக்கிட்டிருந்திருக்கு. எட்டுப் பேர் சேர்ந்து ஒரு உயிரைத் துரத்தினோம். அந்த ஒரு உயிர், எட்டுப் பேரையும் ஒரே நேரத்துல மனசுல வச்சிருந்திருக்கு. அங்க உக்காந்திருந்தப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சுங்க."

மைத்துனர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஞ்சு விழுந்துவிட்டதாகச் சொன்னார்.

"அப்போ என்ன செய்யலாம்? எல்லார் சத்தத்தையும் நிறுத்திடலாமா?" என்று கேட்டார் ரேஞ்சர். குரல் பாதியாகியிருந்தது.

"கூடாது. நிறுத்தினா அது எந்தப் பக்கம் போகும்னு யாருக்குத் தெரியும்? இப்போதான் தெரியும். சத்தமில்லாத பக்கமாத்தான் போகும். அந்தப் பக்கத்தை நாமளே குடுப்போம்."

காட்டிலாகாவின் கூண்டு ஒரு மூலையில் கிடந்தது. ஆட்டைக் கட்டி வைத்தும் சிறுத்தை அதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதன் இரண்டு பக்கக் கதவுகளையும் தூக்கிக் கட்டி, கிடங்குக்கும் சுவருக்கும் இடையே இருந்த குறுகலான சந்தில், வழிபோலவே தெரியும்படி பொருத்தினார்கள். அடியில் மண் பரப்பி, மேலே சாக்கு போர்த்தினார்கள். கயிறு மேலே கிடங்குக் கூரைக்குப் போயிற்று. கூரையில் படுத்துக் கயிற்றைப் பிடிக்கப்போகிறவன், ரேஞ்சர் சொல்வதைச் சத்தமில்லாமல் கேட்கவேண்டும். அப்படிக் கேட்கக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான்.

ரேஞ்சர் அவனைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "கயிறு கையை அறுத்துடும், துணி சுத்திக்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொட்டியை நோக்கிப் போய்விட்டார்.

வெயில் சாய்ந்தது. முட்புதர்ப் பக்கம் மரத்தின் மேலிருந்த ஆள் கையை அசைத்தான். சுவரின் இடிந்த பகுதியில் ஒரு நிழல் வழிந்து இறங்கிக் கொட்டகைக்குள் போயிற்று.

நிதானமும் மைத்துனரும் மில் அலுவலக மாடியின் உடைந்த ஜன்னலில் இருந்தார்கள். ஆட்கள் ஏழு பக்கமும் நகர்ந்தார்கள். நிதானம் ரேஞ்சருக்கு ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: பேசிக்கொண்டே இருக்கவேண்டும், ஏழு வாக்கி டாக்கியும் ஓயக்கூடாது.

"ஒரு அடி முன்னால. நில்லுங்க. இன்னொரு அடி," என்றது ரேஞ்சரின் குரல், ஏழு இடங்களிலிருந்து. சொல்ல வேண்டியதெல்லாம் சீக்கிரமே தீர்ந்துபோயிற்று. தொட்டியில் எழுதியிருந்த எண்ணைப் படித்தார். தன் வண்டி எண்ணைச் சொன்னார். வீட்டுக்கு வாங்கவேண்டிய சாமான்களைச் சொன்னார். துவரம்பருப்பு, சோப்பு, விளக்கு பல்பு. மைத்துனர் சிரிக்கப் பார்த்து, அப்படியே உறைந்தார்.

சிறுத்தை கொட்டகை வாசலில் வந்து நின்றது.

மாலை வெயில் அதன் மேல் விழுந்திருந்தது. இவ்வளவு அழகை அவர் தன் கேமரா வழியாக ஒருநாளும் பார்த்ததில்லை. அவருக்குப் படம் எடுக்கவே தோன்றவில்லை. அதன் உடம்பு அசையவில்லை, காதுகள் மட்டும் அசைந்தன. ஒரு காது கிழக்கே திரும்பி நின்றது, மற்றது தெற்கே. பிறகு இரண்டும் இடம் மாறின. ஒவ்வொரு மனிதனாக அது எண்ணுவதை இருவரும் மூச்சடக்கிப் பார்த்தார்கள்.

"எண்ணுது அத்தான்," என்று முணுமுணுத்தார் மைத்துனர். "நெசமாவே எண்ணுது."

வாக்கி டாக்கிகள் சட்டென்று மௌனமாயின. ரேஞ்சருக்குச் சொல்ல எதுவும் இல்லை. சிறுத்தையின் காதுகள் நிமிர்ந்தன. தலை தயங்கியது. இன்னும் ஒரு நொடி போனால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பாய்ந்திருக்கும்.

"தம்பி," என்றது குரல்.

ஏழு திசையிலிருந்தும் வந்தது அது. சாமான் பட்டியல் சொன்ன குரல் இல்லை, இரைந்து பழகிய குரலும் இல்லை.

"தம்பி, நான் சொன்னது தப்பு. நீ நின்ன இடத்துல நின்ன. அதோட மூச்சு உன் மேல படற தூரத்துல வந்தும் நீ ஓடலை. நான் மேல தொட்டியில பத்திரமா நின்னுக்கிட்டு, உன்னை எல்லார் முன்னாடியும் பேசிட்டேன். அதனாலதான் இப்பவும் எல்லார் முன்னாடியும் சொல்றேன். மனசுல வச்சுக்காதப்பா. உன்னை மாதிரி ஒரு காவலர் எனக்குக் கிடைச்சது பெரிய விஷயம்..."

வடக்கு வாசலில் ஒருவர் இடுப்பிலிருந்து அந்தக் குரல் வந்தது. புகைபோக்கியடியில் ஒருவர் இடுப்பிலிருந்து வந்தது. சாக்கடை ஓரமிருந்து வந்தது. அவர்களெல்லாம் தலைகுனிந்து நின்று கேட்டார்கள். காம்பவுண்டு முழுவதும் அந்த மன்னிப்பு நிறைந்திருந்தது, ஒரே ஒரு சந்தைத் தவிர. அந்தச் சந்துக்கு மேலே, கயிற்றைப் பிடித்துப் படுத்திருந்த ஒருவனின் காதுக்குள் மட்டும் அது சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

சிறுத்தை அந்த மௌனத்தைக் கேட்டது. திரும்பியது. அவசரமில்லாமல், ராணி மாதிரி, அந்தச் சந்துக்குள் நடந்தது.

இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் இறங்கின.

டாக்டரம்மா ஊசியைச் செலுத்தினாள். உறுமல் தேய்ந்து, கனத்த மூச்சாகி, அடங்கியது. விடிந்ததும் தூரத்து மலைக்காட்டுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். துப்பாக்கிக்காரர்கள் வந்த வண்டியிலேயே திரும்ப வேண்டியதுதான். ஆட்கள் ஒவ்வொருவராகக் கூண்டைச் சுற்றி வந்து நின்றார்கள். யாரும் சொல்லாமலே, ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் வாக்கி டாக்கிகளை அணைத்தார்கள். தூங்கும் சிறுத்தையின் காது மட்டும், அந்த உறக்கத்திலும், வருகிறவர்கள் பக்கமாக ஒவ்வொரு தடவையும் லேசாகத் திரும்பியது.

ரேஞ்சர் கடைசியாக வந்தார். கூரையிலிருந்து இறங்கி நின்ற தம்பியின் முன்னால் நின்றார். பெரிய குரல்காரருக்கு நேருக்கு நேர் குரலே எழவில்லை.

தம்பி காதிலிருந்து வயரைக் கழற்றினான்.

"கேட்டுச்சு சார்," என்றான்.